பஹார் (1951): வைஜயந்திமாலாவின் முதல் இந்திப் படமும் அதன் நடனக் காட்சிகளும்

பஹார் 1951-ஆம் ஆண்டு வெளிவந்த இந்தித் திரைப்படம். சென்னை ஏவி.எம். நிறுவனம் தயாரித்தது, எம். வி. ராமன் இயக்கினார். அதே நிறுவனம் 1949-ல் தமிழில் எடுத்த 'வாழ்க்கை' படத்தின் இந்தி வடிவம் இது. இரண்டிலும் நாயகியாக நடித்தவர் வைஜயந்திமாலா. சபா மேடையில் பரதநாட்டியம் ஆடிவந்த பதின்பருவப் பெண் ஒருவர், தனக்குத் தெரியாத மொழியில், தன் குரல் அல்லாத குரலுக்கு, துண்டுதுண்டாகப் படமாக்கப்படும் ஆட்டத்தை ஆட வேண்டியிருந்தது. இந்தித் திரையில் நாயகி என்பவள் நடனமும் தெரிந்தவளாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பிற்காலத்தில் வேரூன்றியதற்கு இந்தப் படம் ஒரு தொடக்கம். இந்திப் பட வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் 'நாகின்' (1954) படத்திலிருந்தே வைஜயந்திமாலாவின் கதையைத் தொடங்குவார்கள். அதற்கு மூன்றாண்டுகள் முன்பு கோடம்பாக்கத்தில் நடந்ததைத் தவிர்த்துவிட்டால் 'நாகின்' எப்படிச் சாத்தியமாயிற்று என்பது விளங்காது.

குடும்பமும் நடனமும்

வைஜயந்திமாலா சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தவர். தாய் வசுந்தரா தேவி நடிகை. ஜெமினி நிறுவனத்தின் 'மங்கம்மா சபதம்' (1943) படத்தில் ரஞ்சனுடன் நடித்துப் பெரும் புகழ் பெற்றவர். தந்தை எம். டி. ராமன். பெண்ணை வளர்த்தவர் பாட்டி யதுகிரி தேவி. படிப்பு, நடனம், வெளிப் பயணம் எல்லாம் பாட்டியின் கண்காணிப்பில் நடந்தன. 1940-ல் வாடிகனில் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் முன்னிலையில் ஆடியபோது வைஜயந்திமாலா சிறு குழந்தை. பரதநாட்டியத்தை வழுவூர் இராமையா பிள்ளையிடமும், கர்நாடக இசையை மணக்கால் சிவராஜ ஐயரிடமும் கற்றார். பள்ளிப் பருவத்திலேயே அரங்கேற்றம் முடிந்து சென்னை மேடைகளில் ஆடத் தொடங்கிவிட்டார்.

அந்த ஆண்டுகளில் பரதநாட்டியத்தின் நிலை சற்று நுட்பமானது. தேவரடியார் குலப் பெண்களிடமும் நட்டுவனார் குடும்பங்களிடமும் இருந்த கலை 1930-களில் சபா மேடைக்கு வந்தது. இ. கிருஷ்ண ஐயரின் முயற்சி, ருக்மிணி தேவி 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்திரம் ஆகியவற்றுக்குப் பின் உயர்சாதி, நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் ஆட வந்தார்கள். கோயில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்த சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் நிறைவேறியது. கலைக்குப் புதிதாகக் கிடைத்திருந்த 'கௌரவம்' எளிதில் கறைபடக்கூடியது என்று பல குடும்பங்கள் அஞ்சின. சினிமா அந்த அச்சத்தின் மையத்தில் இருந்தது. (தலைமுறை தலைமுறையாக அந்தக் கலையைக் காத்த பெண்களுக்கு இந்தக் 'கௌரவம்' எதையும் தரவில்லை என்பது தனியே எழுதப்பட வேண்டிய கதை.)

'வாழ்க்கை' படத்துக்குப் புதுமுகம் தேடிக்கொண்டிருந்த எம். வி. ராமன், சென்னை கோகலே மண்டபத்தில் வைஜயந்திமாலா ஆடியதைப் பார்த்தார் என்பது பரவலாகப் பதிவான செய்தி. பாட்டி உடனே சம்மதிக்கவில்லை. வயது போதாது, படிப்பு கெடும், நடனம் கெடும் என்பவை அவருடைய தடைகள். மூன்றாவது தடையே கவனிக்கத்தக்கது. மகளே நடிகையாக இருந்த வீட்டில் சினிமா புதிய பேய் அல்ல. ஆனால் மேடைக்கென்று பயிற்றுவிக்கப்பட்ட உடலைச் சினிமா என்ன செய்யும் என்ற ஐயம் இருந்தது. அந்த ஐயம் ஆதாரமற்றது அல்ல என்பதைப் படப்பிடிப்புத் தளத்தின் வேலைமுறை காட்டுகிறது.

ஒரே வேடம், மூன்று மொழிகள்

'வாழ்க்கை' 1949-ல் வெளியாயிற்று. டி. ஆர். ராமச்சந்திரன், எஸ். வி. சகஸ்ரநாமம், எம். எஸ். திரௌபதி ஆகியோர் உடன் நடித்தனர். இசை ஆர். சுதர்சனம். நகரத்துச் செல்வக் குடும்பத்தில் வளர்ந்த துடுக்கான கல்லூரிப் பெண், ஏமாற்றப்பட்ட கிராமத்துப் பெண், கைவிடப்பட்ட ஒரு குழந்தை என்பவற்றைச் சுற்றிச் செல்லும் கதை. வைஜயந்திமாலாவுக்குக் கல்லூரிப் பெண் வேடம். படம் பெரிய வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டு 'ஜீவிதம்' என்ற பெயரில் தெலுங்கில் எடுத்தார்கள். தெலுங்கு நன்கறிந்த தந்தையின் உதவியுடன் வைஜயந்திமாலா தம் வசனங்களைத் தாமே பேசினார். அதற்கடுத்த ஆண்டு இந்தி.

ஆக, 'பஹார்' தொடங்கியபோது அந்த வேடத்தை அவர் இருமுறை நடித்து முடித்திருந்தார். எங்கே கோபப்பட வேண்டும், எந்த இடத்தில் அழ வேண்டும் என்பதெல்லாம் பழகிய பாதை. மொழி புதிது என்றாலும் வசனத்தின் பொருள் தெரிந்ததே. உண்மையில் புதிதாக வந்தவை பாடல்களே. இந்திக்கு இசையமைத்தவர் எஸ். டி. பர்மன், பாடல்கள் ராஜேந்திர கிருஷ்ணன். தமிழில் பிரபலமான மெட்டு ஒன்று இந்தியிலும் தொடர்ந்தபோதும், பாடல்களின் வார்ப்பு வட இந்திய ரசிகர்களை எண்ணிச் செய்யப்பட்டது. பாடல் மாறினால் ஆட்டமும் மாற வேண்டும். ஆகவே புதுமுகமாக அவர் எதிர்கொண்ட சோதனையின் பெரும்பகுதி நடனக் காட்சிகளில்தான் இருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதற்கு நேர்மாறாக எண்ணக்கூடும்: நடனம்தான் அவருக்குத் தெரியுமே, இந்திதானே தெரியாது என்று.

இந்திக்கும் ஒரு வழி இருந்தது. 1918-ல் தொடங்கப்பட்ட தட்சிண பாரத இந்தி பிரச்சார சபை சென்னையில்தான் இயங்கிவந்தது. அங்கே இந்தி கற்று, படத்தில் தம் பாத்திரத்துக்குத் தாமே குரல் கொடுத்தார் வைஜயந்திமாலா. தென்னிந்திய நடிகைகளின் வசனத்தை வேறொருவர் பேசுவது எளிதாக இருந்த துறையில் இது சிறிய செய்தி அல்ல. தெற்கிலிருந்து பின்னால் சென்ற பலர் இந்த முயற்சியை எடுக்கவில்லை.

உடன் நடித்தவர்களில் நாயகன் கரண் திவான், 'ரத்தன்' (1944) படத்தின் மூலம் வடக்கில் வீடுவீடாக அறியப்பட்டவர். வில்லன் பிரான். நகைச்சுவைக்கு ஓம் பிரகாஷ், சுந்தர். கிராமத்துப் பெண்ணாகப் பண்டரிபாய். இவர் அடுத்த ஆண்டு 'பராசக்தி'யில் நடித்துத் தமிழ் மக்களிடம் பெயர் பெற்றார். இரண்டு முக்கியப் பெண் வேடங்களும் தெற்கத்திய நடிகைகளுக்கு, ஆண் வேடங்கள் வடக்கத்திய நடிகர்களுக்கு என்ற இந்தப் பங்கீடு ஏவி. மெய்யப்பனின் வணிகக் கணக்கைக் காட்டுகிறது. டெல்லியிலும் லக்னோவிலும் சுவரொட்டியில் தெரிந்த முகம் வேண்டும். அதேசமயம், தமிழில் வெற்றிக்குக் காரணமான பெண்ணை விட்டுவிடவும் கூடாது.

சென்னையின் துணிச்சல்

சென்னையிலிருந்து இந்திப் படம் எடுப்பது அப்போது புதிய துணிச்சல். அதைத் திறந்துவிட்டது எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா' (1948). அதன் முரசு நடனம் மொழி தெரியாத ஊர்களிலும் கூட்டத்தை இழுத்தது. அதே ஆண்டு உதயசங்கரின் 'கல்பனா' வெளிவந்தது. முழுக்க நடனத்தாலான அந்த இந்திப் படம் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில்தான் எடுக்கப்பட்டது. கே. ராம்நாத் ஒளிப்பதிவு. திருவாங்கூர் சகோதரிகளான லலிதா, பத்மினி இருவரும் அதில் ஆடினர். 'கல்பனா' வசூலில் தோற்றது, 'சந்திரலேகா' வென்றது. இரண்டும் சேர்ந்து சென்னைத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு பாடம் சொல்லின. நடனத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம், ஆனால் அது கதைக்குள் இருக்க வேண்டும். நடனமே கதையாகிவிடக் கூடாது. வைஜயந்திமாலாவின் தாய் நடித்த 'மங்கம்மா சபத'த்தையும் ஜெமினி நிறுவனம் பிறகு பானுமதியை வைத்து 'மங்களா' என்று இந்தியில் எடுத்தது.

'பஹார்' இந்தப் பாடத்தைப் பின்பற்றியது. நாயகி ஒரு நவீனப் பெண், ஆடத் தெரிந்தவள். அதனால் ஆட்டத்துக்கான இடங்கள் கதையிலேயே கிடைத்தன.

பாட்டு காத்திருக்காது

சபாக் கச்சேரியில் ஆடுபவருக்கும் படப்பிடிப்பில் ஆடுபவருக்கும் உள்ள வேறுபாடு இசையில் தொடங்குகிறது. பரதநாட்டிய மேடையில் நட்டுவனார், பாடுபவர், மிருதங்கக்காரர் மூவரும் ஆடுபவரைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறார்கள். பதத்திலோ வர்ணத்திலோ ஒரு வரிக்குச் சஞ்சாரி செய்யும்போது, ஆடுபவர் முடிக்கும் வரை பாடகர் அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். ஒரு வர்ணம் மட்டுமே அரைமணி நேரத்துக்கு மேல் நீளக்கூடும். ஆட்டம் இசையை நடத்துகிறது. தவறினாலும் நட்டுவனாரின் தட்டுக்கழி அடுத்த தாளத்தில் பிடித்து நிறுத்திவிடும்.

சினிமாவில் பாட்டு முன்பே பதிவாகிவிடுகிறது. பின்னணிப் பாடல் முறையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரே மெய்யப்பன்தான். 1938-ல் வந்த அவருடைய 'நந்தகுமார்' அம்முறையைப் பயன்படுத்திய முதல் தமிழ்ப் படமாகக் கருதப்படுகிறது. அதற்கு முன் நடிகர் பாடிக்கொண்டே நடிக்க, வாத்தியக்காரர்கள் கேமராவுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள். 1950 வாக்கில் அந்தப் பழக்கம் மறைந்திருந்தது. தளத்தில் ஒலிபெருக்கி வழியே பாட்டு ஓடும். அது யாருக்காகவும் நிற்பதில்லை, மெதுவாவதில்லை. ஆடுபவர் எவ்வளவு அழகாகச் செய்தாலும், அடுத்த அடி வரும்போது அவர் அங்கே இருக்க வேண்டும். மேடையில் ஆட்டத்தின் பணியாளாக இருந்த இசை, தளத்தில் எஜமானாகிறது.

பாட்டின் நீளமும் நடனத்தால் முடிவாகவில்லை. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம் கொள்ளும். பாட்டு தட்டில் விற்க வேண்டும் என்பதால் திரைப்பாடல்களும் அந்த அளவை ஒட்டியே அமைந்தன. அரைமணி நேர வர்ணத்தில் மெல்ல மெல்லக் கட்டியெழுப்பும் பாவத்தை, இங்கே பல்லவி முடிவதற்குள் முகத்தில் கொண்டுவந்தாக வேண்டும்.

குரல் இன்னொரு தொல்லை. 'பஹார்' பாடல்களில் இன்றும் நினைக்கப்படுவது 'சைய்யான் தில் மே ஆனா ரே'. பாடியவர் ஷம்ஷாத் பேகம். லாகூரில் பிறந்து, பஞ்சாபி நாட்டுப்பாடல் மரபில் ஊறிய கனத்த, திறந்த குரல் அவருடையது. அந்தக் குரலுக்கு உதடசைத்தவர் சென்னையில் வளர்ந்த பள்ளிப் பெண். எழுத்தைப் பாடமாக்கிக்கொண்டால் உதட்டசைவு பொருந்திவிடும். குரலில் இருக்கும் துள்ளலும் கேலியும் உடம்பில் வர வேண்டுமென்றால் சொல்லின் பொருள் மட்டும் தெரிந்தால் போதாது. இந்தி பிரச்சார சபையில் கற்ற மொழி உரைநடைக்கானது. பாட்டின் மொழியோ வீட்டு முற்றத்தின் பேச்சு. திரையில் இந்த இடைவெளியை அவர் கண்களாலும் தோள்களாலும் நிரப்பியிருக்கிறார். அபிநயப் பயிற்சி பெற்ற ஒருவரால்தான் அதைச் செய்ய முடியும்.

துண்டுகளாக ஆடுதல்

மேடையில் ஆட்டம் ஒரே ஓட்டம். படப்பிடிப்பில் அது ஷாட்களாக வெட்டப்படுகிறது. இரண்டு வரி முழு உருவம், ஒரு வரி இடுப்புக்கு மேல், பிறகு கால்கள் மட்டும், பிறகு முகம். ஒவ்வொன்றுக்கும் கேமராவை நகர்த்தி விளக்குகளை மாற்றி அமைக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஆடுபவர் காத்திருக்க வேண்டும். உடம்பு சூடேறி, மூச்சு தாளத்தில் விழுந்து, ஆட்டம் 'பிடிக்கும்' நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். மறுபடி தொடங்கும்போது முந்தைய ஷாட் முடிந்த அதே நிலையில், அதே கை உயரத்தில், தலைப்பூ அதே பக்கம் சாய்ந்திருக்க, முகத்தில் அதே சிரிப்புடன் தொடங்க வேண்டும். திரையில் மூன்று நிமிடம் ஓடும் பாட்டைப் படமாக்கச் சில நாட்கள் பிடிப்பது வழக்கம். சில சமயம் கடைசி வரி முதல் நாளிலும் முதல் வரி பிறகும் எடுக்கப்படும்.

இதன் பின்னே பொருளாதாரமும் இருக்கிறது. 35 மி.மீ. படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அப்போது இந்தியாவில் சுருள் தயாரிப்பே இல்லை. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-ல்தான் தொடங்கப்பட்டது. எல்லாமே வெளிநாட்டிலிருந்து வந்தாக வேண்டும். தவறிய ஒவ்வொரு டேக்கும் பணம். அதனால் ஒத்திகை அதிகமாகவும் டேக் குறைவாகவும் இருக்கும்படி வேலை நடந்தது. இந்த ஒழுங்கில் நட்டுவனாரிடம் பயின்றவர்களுக்கு ஒரு நன்மை இருந்தது. அடவை நூறு முறை அலுக்காமல் திருப்பிச் செய்யும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்காலச் சுருளின் ஒளியுணர்திறன் குறைவு. ஆகவே தளத்தில் கார்பன் ஆர்க் விளக்குகளும் பெரிய பல்புகளும் எரியும். சென்னையின் புழுக்கத்தில், கனத்த ஒப்பனையுடன், பாவாடையும் நகையும் அணிந்து வேகமாகச் சுழன்றாடுவது எளிதல்ல. வியர்வை வழிந்தால் ஒப்பனை கலையும். ஒப்பனை கலைந்தால் ஷாட்டின் தொடர்ச்சி போகும்.

ஒரு சலுகை இருந்தது. பாட்டுக் காட்சியில் தளத்தின் ஒலி பதிவாவதில்லை. எனவே கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே நடன இயக்குநர் உரக்க எண்ணிக்கை சொல்லலாம், 'திரும்பு', 'கண்' என்று கத்தலாம். வசனக் காட்சியில் இதற்கு வழியில்லை. நட்டுவனாரின் சொல்லுக்கட்டைக் கேட்டு ஆடிப் பழகியவருக்கு இந்தக் குரல் ஒருவகையில் பழைய துணைதான். ஆனால் தம் சலங்கை ஒலி படத்தில் வராது. காலில் கட்டியிருப்பது கண்ணுக்கு மட்டும். காதுக்கு வரும் சலங்கை பாடல் பதிவறையில் வேறு யாரோ குலுக்கியது. கால் தட்டலின் ஒலியே கணக்காகக் கொண்ட கலையிலிருந்து வந்தவருக்கு இதைவிட விசித்திரமான அனுபவம் இருந்திருக்க முடியாது.

அரைமண்டியும் சட்டகமும்

பரதநாட்டியத்தின் அடிப்படை அரைமண்டி. முழங்கால்கள் இருபக்கமும் விரிய, கைகள் தோள் உயரத்தில் நீள, உடல் அகன்ற முக்கோணமாகிறது. அன்றைய திரையின் சட்டகம் ஏறக்குறைய நான்குக்கு மூன்று என்ற விகிதம். அரைமண்டியில் கை நீட்டிய உருவம் அதில் முழுதாக அடங்க வேண்டுமானால் கேமரா பின்வாங்க வேண்டும். அப்போது முகம் சிறுத்துவிடும். முகத்துக்கு நெருங்கினால் முத்திரை சட்டகத்துக்கு வெளியே போய்விடும். வணிகப் படத்துக்கு நாயகியின் முகமே முதல். ஆகவே திரைநடனம் படிப்படியாக நிமிர்ந்து நின்றது. முழங்கால் நேரானது, கைகள் உடலை ஒட்டிவந்தன, இடுப்பும் கழுத்தும் அதிகம் பேசின.

'பஹார்' ஆட்டங்களில் இந்த மாற்றம் பாதி வழியில் நிற்பதைப் பார்க்கலாம். உடை, சுழற்சி, துள்ளல் எல்லாம் வடநாட்டு நாட்டுப்புற ஆட்டத்தின் சாயல். ஆனால் ஒவ்வொரு அசைவும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது துல்லியமாகத் தெரிகிறது. கை போகும் இடத்துக்குக் கண் போகிறது. தாளத்தின் சமத்தில் உடல் சட்டென்று நிலைகொள்கிறது. பரதநாட்டியம் என்று எந்த இடத்தையும் சுட்ட முடியாது. ஆனால் பரதநாட்டியம் பயிலாத ஒருவர் இப்படி ஆடியிருக்க முடியாது. தூய்மைவாதிகளுக்கு இது நீர்த்துப்போன ஆட்டம். அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. எனினும் நீர்த்தது அடவுதான். அடவு தந்த ஒழுங்கு நீர்க்கவில்லை. அவர் ஆட்டத்தைப் பிறருடையதிலிருந்து பிரித்துக் காட்டியது அந்த ஒழுங்கே.

மற்ற நாயகிகளும் ஆட்டமும்

அன்றைய பம்பாய்ப் படங்களில் ஆட்டத்துக்கென்று தனி நடனக்காரிகள் இருந்தனர். அசூரி, சிதாரா தேவி, பிறகு குக்கூ. கதை சற்று நிற்கும், விடுதியிலோ விருந்திலோ குக்கூ வந்து ஆடுவார், போவார். நாயகி பெரும்பாலும் பியானோ அருகிலோ மரத்தடியிலோ நின்று பாடுவாள். விதிவிலக்குகள் உண்டு. ஆனால் ஆடும் பெண் ஒருத்தி, காதலிக்கப்படும் பெண் வேறொருத்தி என்ற பிரிவு பொதுவானது. அதற்குள் ஓர் ஒழுக்கக் கணக்கும் இருந்தது.

'பஹார்' வந்த 1951-ல்தான் ராஜ் கபூரின் 'ஆவாரா'வும் வந்தது. அதன் கனவுக் காட்சி இந்திய சினிமாவின் புகழ்பெற்ற நடனக் காட்சிகளில் ஒன்று. உதயசங்கரின் பழைய இணையாட்டக்காரரான பிரெஞ்சுப் பெண்மணி மேடம் சிம்கி அதை அமைத்தார். மேகம், படிக்கட்டு, பிரம்மாண்டச் சிலை, குழு நடனம் என எல்லாம் நர்கிஸைச் சுற்றி இயங்கும். நர்கிஸ் பெரிய நடிகை, ஆனால் நடனப் பயிற்சி பெற்றவர் அல்லர். எனவே ஆட்டத்தைக் காட்சியமைப்பு சுமந்தது. 'பஹார்' அத்தகைய செலவோ கற்பனையோ கொண்ட படம் அல்ல. படமாக 'ஆவாரா'வோடு ஒப்பிடவும் முடியாது. ஆனால் அதில் ஆட்டத்தை நாயகியின் உடம்பே சுமக்கிறது. 'நல்ல குடும்பத்துப் பெண்' என்று கதை அடையாளம் காட்டும் பாத்திரமே மேற்சொன்ன பிரிவைக் கடந்து ஆடுகிறது. சபா மேடையில் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் சென்னை ஏற்றுக்கொண்டிருந்த ஒன்றை வடக்கத்தியத் திரையரங்கம் இப்போது சினிமா வழியாக ஏற்றது.

படத்துக்குப் பின்

படம் வெற்றி பெற்றது. ஏவி.எம். அடுத்து 'லட்கி' (1953) எடுத்தது. மறுபடி எம். வி. ராமன் இயக்கம், கிஷோர் குமார், பரத் பூஷண், அஞ்சலி தேவி. பிறகு பம்பாய் அழைத்தது. பில்மிஸ்தானின் 'நாகின்' படத்தில் பழங்குடிப் பெண்ணாக, ஹேமந்த் குமாரின் இசைக்கு அவர் ஆடிய ஆட்டம் நாடெங்கும் பரவியது. அதில் ஒலிக்கும் மகுடி உண்மையில் மகுடியே அல்ல, கிளாவியோலின் என்ற மின்கருவி. வாசித்தவர் பின்னாளில் இசையமைப்பாளரான கல்யாண்ஜி. போலி மகுடிக்கு ஆடிய பாம்பாட்டம், ஆடுபவரின் நம்பிக்கையால் நிஜமானது.

ஆடத் தெரிந்தவர் என்ற முத்திரை அவருக்கு ஒரு சுமையாகவும் ஆயிற்று. 'தேவதாஸ்' (1955) படத்தில் பிமல் ராய் அவரைச் சந்திரமுகியாக்கினார். அந்த நடிப்புக்குத் துணை நடிகைக்கான பிலிம்பேர் விருது கிடைத்தபோது, தம் வேடம் துணை வேடம் அல்ல என்று சொல்லி மறுத்தார். 'கங்கா ஜமுனா' (1961) படத்தில் கிராமத்து வட்டார மொழியைப் பேசி நடித்தபோதுதான், நடனத்தை ஒதுக்கிவைத்தும் அவரால் ஒரு பாத்திரத்தைத் தாங்க முடியும் என்பதைப் பலரும் ஒப்புக்கொண்டார்கள்.

தெற்கிலிருந்து நடனம் கற்ற நாயகிகள் பம்பாய்க்குச் செல்வது அதன்பின் வழக்கமாயிற்று. செங்கல்பட்டில் பிறந்து, 'ரோஜுலு மாராயி' (1955) தெலுங்குப் படத்தில் ஒரு பாட்டுக்கு ஆடியதன் மூலம் கவனம் பெற்ற வஹீதா ரஹ்மான் 1956-ல் 'சி.ஐ.டி.'யில் அறிமுகமானார். ஹேமமாலினி 1968-ல் 'சப்னோன் கா சௌதாகர்' வழியாக வந்தார். ஆடத் தெரியாத நாயகியும் ஆடியாக வேண்டிய நிலை பிறகு உருவானது. நடன இயக்குநர்களின் செல்வாக்கு உயர்ந்ததும் இதன் தொடர்ச்சியே.

பாட்டியின் மூன்றாவது தடைக்கு வைஜயந்திமாலா கண்ட விடை, இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொண்டது. பம்பாயில் உச்ச நட்சத்திரமாக இருந்த ஆண்டுகளிலும் சபாக்களில் முழு மார்க்கமும் ஆடினார். தஞ்சை நால்வரின் வழிவந்த கே. பி. கிட்டப்பா பிள்ளையிடம் அக்குடும்பத்தின் பழைய உருப்படிகளைக் கற்றார். படத்துக்காக நிமிர்ந்த முழங்கால் மேடையில் மறுபடி மடங்கியது. 'கன்வார்' (1970) படத்தோடு திரையிலிருந்து விலகி, மேடையைத் தொடர்ந்தார். 1982-ல் சங்கீத நாடக அகாதெமி விருது அவருக்குப் பரதநாட்டியத்துக்காக வழங்கப்பட்டது.